பாயசத்தில் சர்க்கரையே இல்லை என்றேன்

மூன்று வருஷம் இருக்கும். ஆவணி மாசத்து வெள்ளிக்கிழமை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், மூலிகை இலைகளை வாங்கி, காயவைத்து, பொடியாக்கி, சாறெடுத்து மருந்துக் கம்பெனிகளுக்கு அனுப்பும் ஒரு தொழிற்சாலை இருக்கிறது. அதன் கேண்டீன் சமையலறையில்தான் இது நடந்தது. இன்றைக்கும் யாராவது என் கையில் பாயச டம்ளரைக் கொடுத்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அவர்கள் ஏன் சிரிக்கிறாய் என்று கேட்பார்கள், நான் கதையை ஆரம்பித்துவிடுவேன். இப்போது உங்களுக்கும் சொல்கிறேன்.

அந்த கேண்டீனை எடுத்து நடத்த நான், என் நாத்தனார், அவளுடைய சிநேகிதி ஒருத்தி என்று மூன்று பேர் சேர்ந்து முட்டிமோதிக்கொண்டிருந்தோம். மூன்று பேருமே பல வருஷம் வெவ்வேறு கம்பெனிகளில் நின்றபடியே பேக்கிங் வேலை பார்த்தவர்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கால் இரண்டும் உரல் மாதிரி வீங்கியிருக்கும். எங்களுக்கென்று ஒரு அடுப்பு, நாங்களே முதலாளி, நாங்களே தொழிலாளி என்று ஒரு ஆசை. கம்பெனியில் ஒரு வாரம் சோதனையாகச் சமைக்கச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை மேனேஜரும் ஆபீஸ்காரர்களும் எல்லோருமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள், சாப்பாடு முடிந்ததும் முடிவு சொல்லிவிடுவார்கள் என்று பேச்சு. நாங்கள் சரியில்லை என்றால் சென்னையிலிருந்து ஒரு கேட்டரிங்காரர் வரத் தயாராக இருந்தார். முதல் நான்கு நாள் ஒரு குறையும் இல்லாமல் போனது. மிச்சம் இருந்தது அந்த வெள்ளிக்கிழமையும் அதற்கான சேமியா பாயசமும்தான்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி, சமையல் விஷயத்தில் திமிரும் ஜாஸ்தி. சாம்பாரில் ஒரு கல் உப்பு கூடினாலும் கண்டுபிடித்துவிடுவேன். எங்கள் ஊரில் கல்யாணம் காதுகுத்து என்றால் சமையல்காரரே கரண்டியில் எடுத்துவந்து என் கையில் ஊற்றி, சரியா பாருக்கா என்று கேட்பார். அதனால் என் அடுப்பில் நான் சொன்னதுதான் ருசி. வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

இதில் ஒரு ரகசியம் வேறு. அதற்கு ஒரு மாசம் முன்னால்தான் பெரியாஸ்பத்திரியில் எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்கள். வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். நாத்தனாரிடம் சொல்லவில்லை. அவளிடம் ஒரு விஷயம் போனால் அடுத்த ரயிலிலேயே சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அதோடு, சர்க்கரை வியாதிக்காரியா நமக்கு இனிப்பு செய்யப் போகிறாள் என்று கம்பெனியில் யாராவது சொல்லிவிட்டால்? அந்தப் பயமும் இருந்தது.

அன்றைக்குக் காலையில் பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு லோடு இலை வந்து இறங்கியது. சமையலறைக்குப் பின்னாலிருந்த முற்றத்தில் தார்ப்பாய் விரித்துக் கொட்டியிருந்தார்கள். பாத்திரம் கழுவப் போன நான் சும்மா இருக்காமல், இது இன்னா இலை என்று லோடு இறக்கிக்கொண்டிருந்தவரைக் கேட்டேன். சிறுகுறிஞ்சான் என்றார். நாலு இலை மென்றால் சக்கரை பக்கத்திலேயே வராது, வெளிநாட்டுக்கெல்லாம் போவுது என்றார். எனக்கு அவ்வளவு போதும். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் நாலுக்குப் பதில் ஒரு கைப்பிடி அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டேன். கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. நான் விடவில்லை. வெற்றிலை போடுகிற மாதிரி கன்னத்தில் அடக்கி, வெண்டைக்காய் நறுக்கி முடிக்கிற வரைக்கும் நன்றாக மென்று சாற்றை விழுங்கினேன். மாத்திரையே இனிமேல் வேண்டாம் போலிருக்கிறதே என்று மனசுக்குள் ஒரே சந்தோஷம். பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டுப் பாயசத்தில் இறங்கினேன். சிநேகிதி முன்பக்கம் சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்துக்கொண்டாள், அடுப்படியில் நானும் நாத்தனாரும்தான்.

பால் கொதித்தது, சேமியா வெந்தது, சர்க்கரை போட்டேன், ஏலக்காய் தட்டிப் போட்டேன். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தேன். ஏலக்காய் வாசம் இருக்கிறது, நெய் வாசம் இருக்கிறது, இனிப்பு மட்டும் இல்லை. சரி, கை குறைந்துவிட்டது என்று இன்னும் இரண்டு கிண்ணம் போட்டேன். இல்லை. இன்னும் போட்டேன். அப்போதும் இல்லை. என் நாத்தனார் வந்து கரண்டியில் எடுத்து வாயில் விட்டாள். அவள் முகம் கோணியது.

"அண்ணி, போதும். இதுக்கு மேல போட்டா இதுல உழுற ஈ கூட எழுந்துக்காது" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். உனக்கு என்னைக்குடி ருசி தெரிஞ்சுது, போய் அப்பளம் பொரிக்கிற வேலையைப் பார் என்று விரட்டிவிட்டு டப்பாவில் மிச்சமிருந்த சர்க்கரையை அப்படியே கவிழ்த்தேன். அப்புறமும் எனக்கு அது வெறும் பால்தான். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சர்க்கரையில்தான் கலப்படம் என்று முடிவு கட்டி, பஜாரில் எங்களுக்குச் சரக்குக் கொடுக்கும் மளிகைக்கடைக்காரருக்கு போன் போட்டேன். அவரை எனக்கு அந்த ஒரு வாரமாகத்தான் பழக்கம். அவர் பேச வாயெடுப்பதற்குள், ரவையை நைசாக அரைத்துச் சர்க்கரை என்று என் தலையில் கட்டிவிட்டாயா, நீயெல்லாம் ஒரு வியாபாரியா, இன்றைக்கு என் பிழைப்பு போனால் உன் கடை வாசலில் வந்து உட்காருவேன் என்று கிழிகிழியென்று கிழித்தேன். பின்னால் கடையில் ஆட்கள் பேசுகிற சத்தம் கேட்டது. அவர்களுக்கு நடுவில்தான் அவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது தெரிந்தும் நான் நிறுத்தவில்லை.

அவர் போனை வைத்தார். இருபது நிமிஷத்தில் மொபெட்டில் வந்து நின்றார், கையில் இரண்டு பாக்கெட் புதுச் சர்க்கரை, ஒரு உருண்டை வெல்லம். ஐம்பத்தைந்து வயசு இருக்கும். நேராக அண்டாவிடம் போய்ப் பாயசத்தை வாயில் வைத்தார், புரையேறி இருமினார். இருமி முடித்ததும் பாக்கெட்டைப் பிரித்து என் கையில் கொட்டி, வாயில் போட்டுப் பாரும்மா என்றார். போட்டேன். ஆற்று மணலை மெல்லுகிற மாதிரி நறநறவென்று இருந்தது. வெல்லத்தைக் கடித்தேன், மண்ணாங்கட்டி. நாத்தனார் ஓடிப்போய் ஒரு வாழைப்பழம் எடுத்து வந்தாள், அது வேகாத மாவு. ஆனால் உப்பை வைத்தால் உப்பு கரிக்கிறது, புளியை வைத்தால் புளிக்கிறது. இனிப்பு மட்டும் எனக்கு உலகத்திலேயே இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தப்பு சர்க்கரையில் இல்லை, என்னிடம்தான். கொரோனா வந்தபோது வாய் ருசி போன மாதிரி இதுவும் ஏதோ ஒன்று, இல்லையென்றால் சர்க்கரை முற்றிப்போய் நாக்கைத் தின்றுவிட்டது என்று நினைத்தேன். நாக்கு இல்லாமல் நான் என்ன சமைப்பேன்? தரையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன். அழுகையோடு அழுகையாக, எனக்குச் சக்கரை இருக்குதுடி, ஒரு மாசமாச்சு, உங்கிட்ட சொல்லலை என்று நாத்தனாரிடம் கடைக்காரர் முன்னாலேயே கொட்டிவிட்டேன். அந்த மளிகைக்கடைக்காரர்தான் என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காலையில நாஷ்டா துன்னியாம்மா, மாத்திரை போட்டியா, மயக்கம் வருதா என்று கேட்டார். அரைமணி நேரம் முன்னால் நான் அவரை என்னவெல்லாம் பேசினேன்! ஆட்டோ கூப்பிடட்டுமா, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம் என்று போனைக் கையில் எடுத்தார்.

அந்த நேரத்தில் டீக்குப் பிளாஸ்க் எடுத்துக்கொண்டு வந்தாள் லேப் பொண்ணு. இலைகளைச் சோதித்துப் பார்த்து, நல்லது கெட்டது சொல்லுகிற வேலை அவளுக்கு. பொன்னேரியிலிருந்து தினமும் ரயிலில் வருவாள். என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே என் முகத்தைப் பார்த்தவள், அக்கா பல்லைக் காட்டுங்க என்றாள். காட்டினேன். பல் இடுக்கெல்லாம் பச்சை. அவள் பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. இங்கே ஒருத்தி செத்துக்கொண்டிருக்கிறேன், இவள் சிரிக்கிறாளே என்று.

சிரித்து முடித்து அவள் விளக்கினாள். அதை அவள் சொன்ன மாதிரியே சொல்கிறேன், ஏனென்றால் எனக்கே புரிந்த மாதிரி சொன்னாள். நம் நாக்கில் இனிப்புக்கென்று தனியாகச் சின்னச் சின்ன இடங்கள் இருக்கின்றன. சர்க்கரை அதில் வந்து உட்கார்ந்தால்தான் மூளைக்கு இனிப்பு என்று சேதி போகும். சிறுகுறிஞ்சான் இலையில் இருக்கிற ஒரு பொருள் அதே இடத்தில் முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொள்கிறது. கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் ஜன்னல் சீட்டில் கர்சீப் போட்டு இடம் பிடிக்கிற மாதிரி. பின்னால் எவ்வளவு சர்க்கரை வந்தாலும் நின்றுகொண்டே போக வேண்டியதுதான். உப்புக்கும் புளிப்புக்கும் வேறு இடம், அதனால் அதெல்லாம் தெரிகிறது. ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு மணி நேரத்தில் அதுவே எழுந்து போய்விடும், நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை என்றாள்.

அதோடு, லோடு வந்ததும் மிஷினில் வைப்பதற்கு முன்னால் அவர்கள் முதலில் செய்கிற சோதனையே இதுதானாம். ஒரு இலையைக் கழுவி மென்றுவிட்டுச் சர்க்கரையைப் போட்டுக்கொள்வார்கள். இனித்தால் அது வேறு ஏதோ செடி. இனிக்கவில்லை என்றால் சரியான சரக்கு.

"அக்கா, இன்னிக்கி வந்த லோடை நான் இன்னும் டெஸ்ட் பண்ணல. நீங்களே பண்ணிட்டீங்க. லோடு பாஸ்" என்றாள்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து மூக்கு ஒழுகியது. நாத்தனார் சுவரில் சாய்ந்துகொண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஆட்டோவுக்குப் போன் போடப் போன மளிகைக்கடைக்காரர், இதை நான் நம்ப மாட்டேன், எனக்கும் ஒரு இலை குடு என்றார். லேப் பொண்ணு சோதனைக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்ததில் ஒன்றைக் கழுவிக் கொடுத்தாள், தானும் ஒன்றை மென்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் தான் கொண்டுவந்த வெல்லத்தையே கடித்தார். வாழ்நாள் முழுக்க வெல்லம் விற்ற மனுஷன். அவர் முழித்த முழியைப் பார்க்க வேண்டுமே! வெல்லத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், மோந்து பார்க்கிறார், மறுபடியும் கடிக்கிறார். எங்கள் மூன்று பேருக்கும் கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரிப்பு.

சிரிப்பு அடங்கியதும் மணியைப் பார்த்தோம். பதினொன்றே முக்கால். பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்துவிடும். அண்டா நிறையப் பாயசம் என்ற பெயரில் பாகு கொதித்துக்கொண்டிருக்கிறது. கொட்டிவிட்டு வேறு செய்ய நேரமில்லை, இதையே பரிமாறினால் மேனேஜர் ஒரு வாய் வைத்ததும் சென்னைக்காரருக்குப் போன் போட்டுவிடுவார். பால் வேணும், சேமியா வேணும், ரெண்டு பங்கு மூணு பங்கு வேணும் என்று நான் புலம்பிக்கொண்டிருக்கும்போதே வெளியே மொபெட் கிளம்புகிற சத்தம். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. போனவர் கால்மணி நேரத்தில், முன்னால் ஒரு கேன், பின்னால் ஒரு கேன் பாலும் மடியில் சேமியாவுமாக வந்து சேர்ந்தார். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

சோறு வடிக்கிற பெரிய அண்டாவையும் இழுத்து வைத்தோம். பாகைப் பிரித்து ஊற்றி, பால் ஊற்றி, சேமியா போட்டு, கிளறு கிளறு என்று கிளறினேன். ருசி பார்க்கிற வேலை என் நாத்தனாருக்குப் போய்விட்டது. கரண்டியைக் கையில் வாங்கிய நிமிஷத்திலிருந்து அவள் தோரணையே மாறிவிட்டது. அண்ணி, நீ வாயை மூடிக்கினு கிளறு, நான் சொல்றப்ப நிறுத்து என்றாள். பத்து வருஷமாக என்னிடம் வாங்கியதையெல்லாம் அன்றைக்கு ஒரே மூச்சில் திருப்பிக் கொடுத்தாள். நானும் வாயைத் திறக்காமல் கிளறினேன்.

மணி அடிப்பதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் கரண்டி ஓரத்தில் ஒட்டியிருந்ததை நக்கினேன். முதலில் பாலாகத்தான் இருந்தது. அப்புறம் நாக்கின் நுனியில் லேசாக, ரொம்ப லேசாக ஒரு இனிப்பு. இன்னும் ஒரு சொட்டு வைத்தேன். இனிக்கிறது! அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்று கூட இருந்ததில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

ஆபீஸ்காரர்களுக்கு மட்டும் செய்த பாயசம் இப்போது மூன்று மடங்கு. என்ன செய்வது? இரண்டாவது பந்தியில் சாப்பிடுகிற காண்டிராக்ட் ஆட்கள், லோடு இறக்குகிறவர்கள், வாசலில் நிற்கிற வாட்ச்மேன், இலை கொண்டுவந்த லாரி டிரைவர் என்று எல்லோருக்கும் ஊற்றினோம். ஒருத்தர் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, இன்னொரு வாட்டி கிடைக்குமா என்று கூச்சத்தோடு நின்றார். நாத்தனார் தளும்பத் தளும்ப ஊற்றினாள்.

மேனேஜர் அதிகம் பேசாத மனுஷர். சாப்பிட்டு எழுந்து கை கழுவி வந்தவர், டம்ளரோடு நின்ற அந்தக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டார். சாப்பாடு நன்றாக இருந்தது, பாயசம் ரொம்ப நன்றாக இருந்தது என்றார். இத்தனை வருஷத்தில் இங்கே லோடு இறக்குகிறவர்களுக்கு யாரும் இனிப்பு வைத்ததில்லை, இது யாருடைய யோசனை என்று கேட்டார்.

நாத்தனார் பின்னாலிருந்து என் இடுப்பைக் கிள்ளினாள். என்னுது தான் சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கேண்டீன் எங்களுக்கு. வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்போது வாசலோரம் ஸ்டூலில் மளிகைக்கடைக்காரர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். நாங்கள் கொடுத்த பாயசத்தைக் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இன்னும் இனிப்பு திரும்பவில்லை போலிருக்கிறது, ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளருக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனுஷனை வைத்துக்கொண்டு நல்ல பெயர் வாங்க எனக்கு மனசு வரவில்லை. இலையை எடுத்ததிலிருந்து போனில் பேசினது வரைக்கும், எனக்குச் சர்க்கரை இருப்பதையும் சேர்த்து, ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். நாத்தனார் கிள்ளுவதை நிறுத்திவிட்டாள். அவ்வளவுதான், போச்சு என்று அவளும் நினைத்திருப்பாள்.

மேனேஜர் சிரிக்கவில்லை. அந்த இலை நாளைக்கு யாரோ ஒருத்தருக்கு மருந்தாகப் போவது, அதில் வெறுங்கையை வைத்தது பெரிய தப்பு என்றார். சரி சார் என்றேன். பிறகு அவர் என்னை விட்டுவிட்டு வாசல் பக்கம் திரும்பினார். இவங்களுக்கு மறுபடியும் சரக்கு கொடுப்பீங்களா என்று மளிகைக்கடைக்காரரைக் கேட்டார்.

"குடுப்பேன் சார். ஆனா இன்னும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே அவங்க" என்றார் அவர், கோபமே இல்லாமல்.

யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அழுதேன், சிரித்தேன், அவரை இரண்டு தடவை பஜாருக்கும் இங்குமாக ஓடவிட்டேன், அவர் கொண்டுவந்த பாலில் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. அது என் நினைவிலேயே வரவில்லை, அதுதான் கொடுமை. மேனேஜர், ஆபீஸ்காரர்கள், டம்ளரோடு நின்றவர்கள் எல்லோரும் பார்க்க அவர் முன்னால் போய்க் கை கூப்பினேன்.

"அண்ணா, தப்பு முழுக்க என்னுதுதான். உன் சக்கரையையும் பழிச்சேன், உன்னையும் பழிச்சேன். மன்னிச்சிக்கோ."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"சரிம்மா, வுடு. எனக்குத்தான் இன்னும் இது இனிக்கவே மாட்டேங்குது. ஒரு சொம்புல ஊத்திக் குடு, ஊட்டுக்கு எடுத்துக்கினு போயி அப்புறமா குடிக்கிறேன்."

அப்போதுதான் மேனேஜர் சிரித்தார். திங்கட்கிழமை வந்து கேண்டீன் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள், வெள்ளிக்கிழமை பாயசம் இனிமேல் எல்லோருக்கும்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

லேப் பொண்ணு அதோடு விடவில்லை. இலையில் இருப்பதும் மருந்துதான், மாத்திரையில் இருப்பதும் மருந்துதான், இரண்டையும் நீங்களாகச் சேர்த்தால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிட்டாலும் இறங்கிவிடும், டாக்டரிடம் சொல்லுங்கள் என்று என் உயிரை எடுத்தாள். நாத்தனாரே கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். டாக்டரும் அதையேதான் சொன்னார். மாத்திரை சாப்பிடுகிறேன், நடக்கிறேன், நன்றாக இருக்கிறேன். முற்றத்துப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை.

வாய் மட்டும் குறையவில்லை, அது பிறவிக்குணம். ஆனால் நான் சொல்வதுதான் சரி என்று இன்றைக்கும் யாரிடமாவது குரலை உயர்த்தும்போது, தப்பு என் பக்கமாகக்கூட இருக்கலாமே என்று ஒரு நிமிஷம் நிற்கிறேன். அந்த ஒரு நிமிஷத்தில் எத்தனையோ நல்ல மனுஷர்கள் என் வாயிலிருந்து தப்பித்திருக்கிறார்கள், அவர்களில் பல பேர் இன்றைக்கு எனக்குச் சொந்தம் மாதிரி ஆகிவிட்டார்கள்.